பாஸ்டன் பள்ளிக்கூடமும் நம்ம லிஃப்ட்டும்

(உலக பிரெய்ல் தினத்தை ஒட்டி, ஜனவரி முதல் ஞாயிறு மாலை நம் குடியிருப்பு ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விஷயங்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)



செயலாளர் சார் போன மாதம் வாக்கிங்கில் என்னைப் பிடித்து, "ஒரு பதினைஞ்சு நிமிஷம் பேசுங்க சார். ஆனா இந்தத் தடவை வருமான வரி வேண்டாம், ஏற்கெனவே மூணு தடவை ஆயாச்சு" என்றார். அதனால் இன்றைக்கு 80சி, 80டி எதுவும் கிடையாது. பயப்படாமல் உட்காருங்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். கடைசியில் நம் லிஃப்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

பள்ளிக்கூடம் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறது. பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி என்று பெயர். ஹெலன் கெல்லர் கதையைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் லேசாக ஞாபகம் இருக்கலாம். என் பேத்தி அந்தப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் பார்த்த கண்ணுக்கு முதலில் பட்டது தேதிகள். 1829இல் மூன்று பதிவுகள். அந்த வருஷம்தான் இந்தப் பள்ளிக்கு மாசசூசெட்ஸ் மாநில அரசு அனுமதிப் பத்திரம் கொடுத்தது. அதே வருஷம் பாரிஸில் லூயி பிரெய்ல் என்ற இருபது வயது பார்வையற்ற இளைஞர் தன்னுடைய புள்ளி எழுத்து முறையைப் புத்தகமாக வெளியிட்டார். அதே வருஷம் டிசம்பரில், நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விவசாயி வீட்டில் லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண் குழந்தை பிறந்தது. இந்த மூன்று பேரேடும் டேலி ஆவதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது.

பாரிஸில் 1780களிலேயே வாலன்டீன் ஹாய் என்பவர் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். அதை நேரில் பார்த்துவிட்டு வந்த ஜான் ஃபிஷர் என்ற பாஸ்டன் டாக்டர், நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று நாலு பெரிய மனிதர்களைச் சேர்த்தார். பத்திரம் கிடைத்ததே தவிர, நடத்த ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் காகிதத்திலேயே கிடந்தது. 1831இல் சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்ற இளம் டாக்டர் மாட்டினார். கிரேக்க விடுதலைப் போரில் ஆறு வருஷம் மருத்துவராக இருந்துவிட்டு வந்தவர். ஐரோப்பாவில் இருக்கும் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பினார்கள். போன இடத்தில் போலந்து அகதிகளுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்து, பெர்லினில் சில வாரம் ஜெயிலில் இருந்துவிட்டுத்தான் திரும்பினார். அப்படிப்பட்ட ஆசாமி.

1832இல் தன் அப்பாவின் வீட்டிலேயே வகுப்பை ஆரம்பித்தார். முதல் மாணவிகளில் இரண்டு பேர் ஆண்டோவர் ஊரைச் சேர்ந்த கார்ட்டர் சகோதரிகள், எட்டு வயதும் ஆறு வயதும். ஆரம்பத்தில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை. சீக்கிரமே பணம் தீர்ந்தது. உடனே ஹோவ் செய்தது இன்றைக்கும் நடக்கிற விஷயம்தான்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் சட்டமன்றத்திலும் பொதுக்கூட்டங்களிலும் படிக்க வைத்து, பாட வைத்துக் காட்டினார். பணம் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

அப்போது தாமஸ் பெர்கின்ஸ் என்ற பெரிய வியாபாரி, ஊர் மக்கள் 50,000 டாலர் திரட்டினால் என் மாளிகையைப் பள்ளிக்குத் தருகிறேன் என்றார். பெண்கள் சந்தை நடத்தினார்கள், வசூல் செய்தார்கள், பணம் சேர்ந்தது. 1839இல் அந்த மாளிகையைக் கொடுத்துவிட்டு, தெற்கு பாஸ்டனில் ஒரு பெரிய ஹோட்டல் கட்டடத்தை வாங்கிக்கொள்ளவும் அவர் சம்மதித்தார். அதனால்தான் பள்ளிக்கு அவர் பெயர். பேங்க்காரனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டேன். சீனாவுக்குக் கப்பலில் அபின் கொண்டுபோய் விற்றதும், அதற்கு முன்னால் அடிமை வியாபாரமும் அவருடைய சொத்துக் கணக்கில் இருக்கின்றன. கல்வெட்டில் அது இருக்காது. நம் ஊர்க் கல்வெட்டுகளும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லாராவுக்கு வருகிறேன். இரண்டு வயதில் விஷக் காய்ச்சல் வந்து கண், காது இரண்டும் போயின. வாசனையும் ருசியும்கூடப் பெரும்பாலும் போய்விட்டன. மிச்சம் இருந்தது தொடுகை மட்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர முடியும் என்று அந்தக் காலத்தில் பெரும்பாலோர் நம்பவில்லை. ஹோவ் 1837 அக்டோபரில் அவளைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். அவளுக்கு ஏழு வயது.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விஷயம் இருக்கிறது. கத்தி, ஸ்பூன், சாவி மாதிரி தினமும் கையாளுகிற பொருள்கள் மேல், அவற்றின் பெயரைப் புடைப்பு எழுத்தில் அச்சடித்து ஒட்டினார். லாரா தடவிப் பார்த்தாள். பிறகு பெயர்ச் சீட்டை மட்டும் தனியாகக் கொடுத்தார். அவள் அதைச் சரியான பொருளின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அடுத்து சீட்டை வெட்டி எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கலைத்துப் போட்டார். அவள் அடுக்கினாள். இதெல்லாம் வாரக்கணக்கில் நடந்தது. அதுவரை அது வெறும் மனப்பாடம்தான், பழக்கிய நாய் வித்தை செய்வது மாதிரி என்று அவரே பிற்பாடு எழுதினார். ஒரு கட்டத்தில் அவளுக்கு உறைத்தது. இந்தக் குறி என் மனதில் இருப்பதை இன்னொருவர் மனதுக்குக் கொண்டுபோகும் என்று புரிந்தது. முகமே மாறிவிட்டதாம். அதற்குப் பிறகு உள்ளங்கையில் விரலால் எழுத்துச் சொல்லும் முறை. நாள் முழுக்க யார் கையையாவது பிடித்து, "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

1842 ஜனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் பாஸ்டனுக்கு வந்தவர் லாராவைப் பார்த்தார். தன் அமெரிக்கப் பயண நூலில் பக்கம் பக்கமாக எழுதினார். லாரா உலகப் பிரபலம் ஆனாள். பார்வையாளர் நாளில் கூட்டம் கூட்டமாக வந்து அவளைப் பார்த்தார்கள். அமெரிக்கச் சிறுமிகள் தங்கள் பொம்மையின் கண்ணைக் குத்திவிட்டு, பச்சை ரிப்பன் கட்டி, அதற்கு லாரா என்று பெயர் வைத்தார்களாம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வளர்ந்த பிறகு ஊருக்கு அனுப்பினார்கள். வீட்டில் அவள் கையோடு பேச யாருக்கும் பொழுதில்லை. உடம்பு மோசமாகி, பள்ளிக்கே திரும்பினாள். ஊசி நூல் வேலை செய்துகொண்டு, 1889இல் சாகும் வரை அங்கேயே இருந்தாள். அவள் பிரபலம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

அவள் வயதான காலத்தில் அதே விடுதிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஆனி சலிவன். கண் நோயால் பாதிப் பார்வை போனவள். அம்மா இறந்து, அப்பா கைவிட்டு, தம்பியோடு டியூக்ஸ்பரி என்ற ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவள். தம்பி சில மாதங்களிலேயே அங்கு இறந்துபோனான். ஒரு நாள் விடுதியைச் சோதனையிட அரசு அதிகாரிகள் வந்தார்கள். யார் அதிகாரி என்று சரியாகத் தெரியாமலே அந்தக் கூட்டத்தின் பின்னால் ஓடி, "நான் பள்ளிக்கூடம் போகணும்" என்று கத்தினாள். 1880 அக்டோபரில் பெர்கின்ஸில் சேர்த்தார்கள். வயது பதினான்கு. எழுதப் படிக்கத் தெரியாது. மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஆறு வருஷத்தில் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு உரை சொல்லும் இடத்துக்கு வந்தாள். அந்த இடைவெளியில் லாராவிடம் விரல் எழுத்தும் கற்றுக்கொண்டாள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அலபாமாவில் ஹெலன் கெல்லரின் அம்மா, டிக்கன்ஸ் எழுதியதைப் படித்திருந்தார். கிரகாம் பெல் சொல்லி, ஹெலனின் அப்பா பெர்கின்ஸுக்குக் கடிதம் எழுதினார். பள்ளி ஆனியை அனுப்பியது. மாதம் 25 டாலர் சம்பளம். 1887 மார்ச் 3ஆம் தேதி போய்ச் சேர்ந்தாள். கையில் பெர்கின்ஸ் சிறுமிகள் கொடுத்தனுப்பிய ஒரு பொம்மை. அந்தப் பொம்மைக்குச் சட்டை தைத்தவர் லாரா. ஆனி ஹெலனின் கையில் எழுதிய முதல் சொல்லும் பொம்மைதான். தண்ணீர்க் குழாய்க் கதையை எல்லோரும் சொல்வார்கள். இந்தச் சட்டையைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

பள்ளியும் எப்போதும் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. ஹெலன் பதினோரு வயதில் எழுதிய ஒரு கதை, வேறொருவர் எழுதியது மாதிரியே இருக்கிறது என்று புகார் வந்தது. எப்போதோ கையில் சொல்லிக் கேட்டது மனதில் தங்கி, தன்னுடையது போலவே வெளியே வந்திருக்கிறது. பள்ளி ஒரு விசாரணைக் குழு போட்டு, ஆனியை வெளியே அனுப்பிவிட்டு, அந்தச் சிறுமியை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்தது. இலாகா விசாரணையைப் பார்த்தவன் நான். அதைப் பதினோரு வயதுப் பிள்ளையிடம் நடத்துவதை நினைத்தே பார்க்க முடியவில்லை. அதன் பிறகு ஹெலன் பள்ளியிலிருந்து விலகிப் போனார்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த இடம். எழுத்து.

ஹோவ் பார்வை உள்ளவர். பார்வையற்றோருக்கு என்று தனியாக ஓர் எழுத்து இருந்தால் அவர்கள் உலகத்திலிருந்து இன்னும் பிரிந்து போவார்கள் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். அதனால் சாதாரண ஆங்கில எழுத்தையே கொஞ்சம் கோணலாக்கி, புடைப்பாக அச்சடிக்கும் முறை ஒன்றை அவரே உருவாக்கினார். பாஸ்டன் லைன் டைப் என்று பெயர். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். பார்வை உள்ளவர்கள் எடுத்தவுடன் படித்துவிடலாம். நன்கொடையாளர்களுக்குப் பிடித்தது. ஆனால் விரலுக்கு? கோட்டைவிடப் புள்ளியைத்தான் விரல் சட்டென்று பிடிக்கும். பல பிள்ளைகள் திணறினார்கள். அதைவிடப் பெரிய குறை, அந்த எழுத்தில் பார்வையற்றவர் தானே ஒரு வரி எழுத முடியாது. அடுத்தவர் அச்சடித்துக் கொடுத்ததைப் படிக்கலாம், அவ்வளவுதான். டிக்கன்ஸ் 1868இல் தன் நாவல் ஒன்றை 250 பிரதி புடைப்பு எழுத்தில் அச்சடிக்க 1,700 டாலர் கொடுத்தார். அதுவும் இந்த எழுத்தில்தான் வந்தது.

இதற்கெல்லாம் முன்பே பாரிஸில் ஆறே புள்ளி வைத்து பிரெய்ல் முறை தயாராக இருந்தது. படிக்கலாம், ஓர் ஊசியும் சட்டமும் இருந்தால் எழுதவும் செய்யலாம். அதைக் கண்டுபிடித்தவர் பார்வையற்றவர். பாஸ்டன் அதை ஏற்கவில்லை. நியூயார்க்காரர்கள் 1860களில் இன்னொரு புள்ளி எழுத்தைக் கொண்டுவந்தார்கள். 1878இல் பெர்கின்ஸிலேயே ஜோயல் ஸ்மித் என்ற ஆசிரியர், பியானோ சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுத்தவர், அவரும் பார்வையற்றவர், பிரெய்லை மாற்றியமைத்து மூன்றாவது ஒன்றைச் செய்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த புள்ளி என்பது அவர் கணக்கு. ஒரே நாட்டில் நாலைந்து எழுத்து. ஒரு பள்ளியில் படித்தவர் இன்னொரு பள்ளியின் புத்தகத்தைப் படிக்க முடியாது. ஹெலன் கெல்லரே இவை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, அதைப் பற்றிக் கோபமாகவே எழுதியிருக்கிறார். 1909இல் நியூயார்க் கல்வி வாரியம் பொது விசாரணை வைத்தது. 1932இல்தான் ஆங்கிலத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே பிரெய்ல் என்று முடிவானது. 1829இலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள். பெர்கின்ஸ் தன் பழைய எழுத்தில் அச்சடிப்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை விடவில்லை.

ஹோவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில், நான் கவுண்டரில் இருந்த காலம். பார்வையற்ற பாட்டு வாத்தியார் ஒருவர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தார். ஒரு நாள் செக் புக் வேண்டும் என்று கேட்டார். "உங்களுக்குச் செக் புக் தர மாட்டோம் சார், யாராவது ஏமாத்திடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான்" என்றேன். பணம் எடுக்க வேண்டுமானால் நேரில் வந்து, சாட்சி வைத்து, கைநாட்டு வைக்க வேண்டும். அவர் எம்.ஏ. படித்தவர், அழகாகக் கையெழுத்துப் போடுவார். "எந்த விதியில இருக்கு சார்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மேனேஜரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. "காலங்காலமா அப்படித்தான்" என்றார். வாத்தியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் கணக்கை முடித்துக்கொண்டார். அந்த வவுச்சரைப் பாஸ் செய்ததும் நான்தான்.

2008 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. பார்வையற்றவர் சட்டப்படி ஒப்பந்தம் செய்யத் தகுதி உடையவர், செக் புக், ஏடிஎம், லாக்கர், கடன் எதையும் அவருக்கு மறுக்கக் கூடாது என்று. அதை நான்தான் கிளையில் ஃபைல் செய்தேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் கையில் இருந்தது, அவர்தான் இல்லை.

பெர்கின்ஸுக்குத் திரும்புகிறேன். 1912இல் பள்ளி வாட்டர்டவுனுக்கு, சார்ல்ஸ் ஆற்றங்கரைக்கு மாறியது. அங்கே டேவிட் ஆபிரகாம் என்ற மரவேலை ஆசிரியர் ஒரு பிரெய்ல் தட்டச்சு இயந்திரம் செய்தார். புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசை, இடைவெளிக்கு ஒரு விசை. போர் வந்ததால் தள்ளிப்போய் 1951இல் தயாரிப்பு தொடங்கியது. ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இரும்புக் குண்டு மாதிரி இருக்கும். உலகம் முழுக்கப் பார்வையற்ற பிள்ளைகள் எழுதக் கற்றது இதில்தான். அந்த இயந்திரம் வெகு காலமாக நம் காட்பாடியில் தயாராகிறது. தொழுநோய் குணமானவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியில் தொடங்கிய தொழிற்கூடம், இன்று வொர்த் டிரஸ்ட் என்று பெயர். அங்கே வேலை செய்பவர்களில் மாற்றுத்திறனாளிகள் ஏராளம். நான் நாலு வருஷம் வேலூரில் வேலை பார்த்தேன். எத்தனை தடவை காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியிருப்பேன், இது எனக்குத் தெரியாது.

அதே 1951இல்தான் நம் நாட்டு மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படையில் பாரதி பிரெய்ல் என்று முடிவானது. தமிழ் 'அ'வுக்கு ஒரே ஒரு புள்ளி, ஆங்கில 'ஏ'க்கும் அதே புள்ளி. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை. பி பிளாக் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒன்பது வயதுச் சிறுமி. தன் விரலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி என் விரலைப் பிடித்து, "இதுதான் தாத்தா அ" என்று நோட்டில் வைத்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "அழுத்தாதீங்க தாத்தா, சும்மா தொடுங்க" என்றாள்.

இனி லிஃப்ட். அந்தப் பெண் இப்போது தனியாகத்தான் லிஃப்ட்டில் போய் வருகிறாள். எப்படி என்று கவனித்திருக்கிறீர்களா? நம் பழைய லிஃப்ட்டில் பட்டன் புடைப்பாக இருக்கிறது. கீழிருந்து எண்ணுகிறாள், அழுத்துகிறாள். இடையில் யாராவது ஏறினால் கணக்குத் தப்பும், அப்போது மட்டும் "எந்த மாடி?" என்று கேட்பாள். கார்பஸ் ஃபண்டிலிருந்து லிஃப்ட்டைப் புதுப்பிக்க இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. கமிட்டியில் நானும் இருக்கிறேன், படத்தைப் பார்த்து நானும் நன்றாக இருக்கிறது என்றேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில் முழுக்கக் கண்ணாடி டச் பேனல். வழவழவென்று ஒரே பலகை. பார்க்க அழகாக இருக்கிறது. விரலுக்கு அதில் ஒன்றுமே இல்லை, தேடுகிறபோதே எல்லா மாடியும் அழுந்திவிடும். இன்னொன்றில் புடைத்த பட்டன், பக்கத்தில் பிரெய்ல், மாடி பெயரைக் குரலில் சொல்லும் வசதி. விலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, இரண்டையும் வரி சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டேன். கண்ணில் புரை வந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் ஏ பிளாக் மாமாவுக்கும், ராத்திரி கண்ணாடியை மறந்துவிட்டு இறங்கும் எனக்கும் எது சௌகரியம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு எதற்கு என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் சொல்வதும் ஒரு பார்வை உள்ளவன் சொல்வதுதான். அதனால் இரண்டு கம்பெனிகளையும் பேனல் மாதிரியை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பொதுக்குழு பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, காலை பத்தரை மணி, இதே ஹால். பி பிளாக் அம்மாவிடம் பேசிவிட்டேன், மகளை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேனலையும் முதலில் அவள் கையில் கொடுத்துப் பார்ப்போம். கோரம் இல்லாமல் போன தடவை மாதிரி தள்ளிப்போகக் கூடாது, தயவுசெய்து வீட்டுக்கு ஒருவராவது வந்துவிடுங்கள்.

காபி தயாராக இருக்கிறது என்று சொல்கிறார்கள்.